கடிதத்துக்குக் கூடுதல் காசு கேட்டால் என்ன செய்வது: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், குமரி மாவட்டத்தில் பல வீட்டு வாசல்களில் இந்தப் பேச்சு கேட்கும்.

"அக்கா, இந்தப் பத்திரிகைக்கு இருவது ரூவா தரணும்."

"ஸ்டாம்புதான் ஒட்டியிருக்கே அண்ணே, பெறகு எதுக்கு?"

ஒட்டியிருப்பது ஐந்து ரூபாய் ஸ்டாம்பு, கேட்பது இருபது ரூபாய். தபால்காரர் ஏமாற்றுகிறார் என்று இந்தப் பக்கம் நினைப்பு, இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று அந்தப் பக்கம் சலிப்பு. பெரும்பாலும் அந்த இருபது ரூபாய் சரியான தொகையாகவே இருக்கும், சில நேரம் தப்பாகவும் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஒரு தராசும் கொஞ்சம் பெருக்கல் கணக்கும் போதும். ஆனால் அந்தக் கணக்கைப் போட கவர் முழுசாக இருக்க வேண்டும், அதுதான் இங்கே ஒரே சாட்சி.

அதனால் முதல் வேலை, கவரைக் கிழிக்காதீர்கள்

பாக்கித் தொகை இருக்கும் கடிதத்தைப் பிரித்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், பிறகு காசு தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்திலேயே இது இருந்தது: வாங்கியவர் பிரிக்காமல் உடனே திருப்பிக் கொடுத்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் பாக்கி அவர் தலையில். அந்தப் பழைய சட்டம் போய் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்துவிட்டது, ஆனாலும் பிரிக்காத கவர் கையில் இருந்தால்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

கவரைக் கையில் வாங்கி மூன்றைப் பாருங்கள். எத்தனை ரூபாய்க்கு ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது, எந்த ஊர் முத்திரை எந்தத் தேதியில் குத்தியிருக்கிறது, வசூலிக்க வேண்டிய தொகை கவரின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கிறதா. இந்த மூன்றாவதுதான் முக்கியம். குறைவான ஸ்டாம்போடு வந்த கடிதத்தில் பாக்கித் தொகையை அஞ்சலகத்தில் கவர் மீதே குறிப்பார்கள். அப்படி எதுவும் இல்லாமல் வாய்மொழியாக மட்டும் தொகை கேட்டால், மரியாதையாக "அண்ணே, ஆபீஸில் குறிச்சு முத்திரை போட்டுக் கொண்டு வாங்க, தந்துடறேன்" என்று சொல்லிவிடலாம். சண்டை போட வேண்டியதில்லை. கிளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் கிராம அஞ்சல் ஊழியருக்குக் கட்டணம் போடுவதில் எந்தப் பங்கும் கிடையாது, மேலிருந்து வந்ததை வசூலிக்கிறார், அவ்வளவுதான்.

வாசலிலேயே மொபைலில் கவரின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் புகார் என்று வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

கணக்கு இப்படித்தான்

உள்நாட்டுக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அல்லது அதில் ஒரு பகுதிக்கும், இன்னொரு 5 ரூபாய். இருபது வருஷத்துக்கு மேலாக மாறாத கட்டணம் இது. இந்த "அல்லது ஒரு பகுதிக்கும்" என்பதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். 21 கிராம் என்றால் ஐந்தேகால் ரூபாய் இல்லை, 10 ரூபாய். 41 கிராம் என்றால் 15 ரூபாய். தூரம் இதில் வராது, சாதாரணக் கடிதம் நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்குப் போனாலும் டெல்லிக்குப் போனாலும் ஒரே விலைதான்.

ஸ்டாம்பு குறைவாக இருந்தால் குறைகிற தொகையின் இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். ஸ்டாம்பே ஒட்டாவிட்டால் முழுக் கட்டணத்தின் இரண்டு மடங்கு. மேலே சொன்ன பத்திரிகையைப் பாருங்கள். எடை 46 கிராம் என்று வையுங்கள், 20 கிராமுக்கு ஒரு படி என்றால் மூன்று படி, 15 ரூபாய் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியது 5, குறைவு 10, இரண்டு மடங்கு 20. கல்யாண வீட்டுக்காரர் மிச்சம் பிடித்தது பத்து, விருந்தாளி கொடுத்தது இருபது. மாமா முறைக்காரர் ஒருத்தர் இதை வைத்தே மொய்யில் கழித்துக்கொள்வேன் என்று சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன், பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

தராசு வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசு ஒரு கிராம் வரை காட்டும், போதும். இல்லாவிட்டால் தெரிந்த நகைக்கடையில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்க்கலாம், அந்தத் தராசை விடத் துல்லியமானது ஊரில் கிடைக்காது. தராசே இல்லாவிட்டாலும் தாளை வைத்துக் கணக்குப் போடலாம். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்று சுமார் 4.7 கிராம். சாதாரணக் கவர் ஒரு 5 கிராம் என்று எடுத்துக்கொண்டால், மூன்று தாள் வைத்த கடிதம் 19 கிராம், 5 ரூபாய் போதும். நாலாவது தாள் வைத்த உடனே 24 கிராம், 10 ரூபாய். விண்ணப்பத்தோடு சான்றிதழ் நகல்களை இணைத்து அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள், "நாலு பேப்பர்தானே" என்று. துணி ஒட்டிய பெரிய கவர் என்றால் கவரே இருபது கிராமைத் தொட்டுவிடும்.

இன்னொரு விஷயம், நம் மாவட்டத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். இங்கே தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். தாள் ஈரத்தை இழுக்கும், எடை கூடும். வீட்டில் 19.8 காட்டிய கவர் இரண்டு நாள் மழையில் பையில் கிடந்து 20-ஐத் தாண்டிப்போக வாய்ப்பிருக்கிறது. அதனால் என் யோசனை, 18 கிராமுக்கு மேல் காட்டினாலே அடுத்த படிக்கு ஒட்டிவிடுங்கள். கூடுதலாக ஒட்டிய ஸ்டாம்புக்குப் பணம் திரும்ப வராதுதான், ஆனால் ஐந்து ரூபாயோடு போகும்.

எடை சரியாக இருந்தும் பாக்கி வருவது ஏன்

எடை 20 கிராமுக்குள், ஒட்டியதும் 5 ரூபாய், ஆனாலும் பாக்கி என்று வந்தால், ஒட்டியது செல்லாத ஸ்டாம்பா என்று பாருங்கள். அடிக்கடி நடப்பது ரெவின்யூ ஸ்டாம்பு. ரசீதில் ஒட்டிக் கையெழுத்துப் போடும் அந்த ஒரு ரூபாய் ஸ்டாம்பு தபாலுக்குச் செல்லாது, ஐந்தை வரிசையாக ஒட்டினாலும் ஒட்டாத கவர்தான். வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் பர்சில் கிடக்கும் அந்நாட்டு ஸ்டாம்பை இங்கே ஒட்டுவதும் அப்படியே. கிழிந்தது, ஏற்கனவே முத்திரை விழுந்து கழுவி எடுத்தது, இதெல்லாம் செல்லாது, கடைசிக் காரியம் குற்றமும்கூட. இட நெருக்கடியில் ஒரு ஸ்டாம்பின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்தால் அடியில் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் விட வாய்ப்புண்டு, தள்ளித் தள்ளி ஒட்டுங்கள்.

தாத்தா பெட்டியில் சங்குச் சின்னம் போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் ஸ்டாம்பு கிடைத்தால் தயவுசெய்து கவரில் ஒட்டாதீர்கள். நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் தனி அஞ்சல் ஓடியது, அது 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு சேர்ந்துவிட்டது. சேகரிப்பவர்கள் அதற்குக் கொடுக்கும் விலை தபால் செலவை விட அதிகம்.

அப்புறம் இன்லேண்ட் லெட்டர். விலை இரண்டரை ரூபாய், உள்ளே வேறெதுவும் வைக்கக் கூடாது. ஒரு போட்டோ, ஒரு துண்டுச் சீட்டு, குலசாமி கோயில் திருநீறு எதை வைத்து மடித்தாலும் அது கடிதமாகிவிடும், 5 ரூபாய்க் கணக்கில் குறைவு பார்த்து இரட்டிப்பாகக் கேட்பார்கள். ஐம்பது பைசா அஞ்சல் அட்டையிலும் முகவரிப் பக்கத்தின் வலது பாதி முகவரிக்கு மட்டும்தான், அங்கேயும் விஷயத்தை நெருக்கி எழுதினால் இதே கதை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. "கட்டணத்தைப் பெறுபவர் செலுத்துவார்" என்று அச்சிட்ட பதில் கவர்களை சில நிறுவனங்கள் வைத்து அனுப்பும். அதில் ஸ்டாம்பு ஒட்ட வேண்டாம், ஒட்டினால் உங்கள் காசு வீண். பார்வையற்றோருக்கான பிரெய்லி நூல்கள் 7 கிலோ வரை சாதாரணத் தபாலில் இலவசம். அப்படிப்பட்ட கட்டுக்குக் காசு கேட்டால் அது நிச்சயம் தப்பு, விடாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் கவரில் ஆங்கில டி எழுத்தும் பக்கத்தில் ஒரு பின்ன எண்ணும் குத்தியிருந்தால், அனுப்பிய நாட்டிலேயே ஸ்டாம்பு குறைவு என்று பொருள், அதை வைத்துத்தான் இங்கே கணக்குப் போடுவார்கள். பார்சலுக்குக் கேட்கும் சுங்கவரி தனி விவகாரம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கட்டுவதா, மறுப்பதா

கணக்குப் போட்டுப் பார்த்துத் தொகை சரியாக வந்தால் கட்டிவிடுங்கள். வேண்டாத விளம்பரக் கவர், தெரியாத ஆள் என்றால் மறுக்கலாம், மறுப்பது உங்கள் உரிமை. பிரிக்காமல் "வாங்க மறுக்கிறேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கவர் அனுப்பியவரிடம் திரும்பிப் போகும், பாக்கியை அவர் கட்ட வேண்டும். அனுப்பியவர் முகவரி வெளியே இல்லாவிட்டால் யாரிடமும் சேர்க்க முடியாத கடிதங்களைக் கையாளும் அலுவலகத்துக்குப் போய், அங்கே பிரித்துப் பார்த்து முகவரி தேடுவார்கள். எனவே நீங்கள் அனுப்பும் எந்தக் கவரிலும் இடது கீழ் மூலையில் உங்கள் முகவரியையும் 629-இல் தொடங்கும் பின்கோடையும் எழுதிவிடுங்கள்.

வங்கி, நீதிமன்றம், கல்லூரி, அரசுத் தேர்வு, பாஸ்போர்ட் இந்த மாதிரி இடத்தில் இருந்து வந்ததாகத் தோன்றினால் மறுக்காதீர்கள். பத்து இருபது ரூபாய்க்காகத் திரும்பிப் போன கவருக்குள் நேர்காணல் தேதி இருந்தால் என்ன செய்வீர்கள்? தொகை தப்பு என்று சந்தேகம் இருந்தாலும் கட்டி வாங்குங்கள், பிரிப்பதற்கு முன் எடை போடுங்கள், தராசில் எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், பிறகு பிரியுங்கள். கவரை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

கவுன்ட்டரில் கூடுதலாக வாங்கினால்

இப்போது நிறையப் பேருக்கு வரும் சந்தேகம் இது. "ரெஜிஸ்டர் தபால் அனுப்பப் போனேன், அறுபது ரூபாய்க்கு மேல் கேட்டாங்க, இது கொள்ளை." கொள்ளை இல்லை, முறை மாறிவிட்டது. 2025-இல் உள்நாட்டுப் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். முன்பு கடிதக் கட்டணம் 5 ரூபாயும் பதிவுக் கட்டணம் 17 ரூபாயும் என்று போன கவர் இப்போது ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தில்தான் போகும், பதிவு என்பது அதன் மேல் ஒரு கூடுதல் வசதி. எனக்கு இது பிடிக்கவில்லை, வக்கீல் நோட்டீசும் வாடகை ஒப்பந்தமும் அனுப்புகிற சாதாரண ஆளுக்குச் செலவு இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் கவுன்ட்டரில் இருப்பவரைத் திட்டிப் பலனில்லை.

2025 அக்டோபர் 1 முதல் உள்ள ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தை மனதில் வையுங்கள், ஜிஎஸ்டி தனி. உள்ளூருக்குள் 50 கிராம் வரை 19 ரூபாய், 250 கிராம் வரை 24, 500 கிராம் வரை 28. வெளியூர் என்றால் 50 கிராம் வரை எந்தத் தூரத்துக்கும் 47 ரூபாய். 50 கிராமைத் தாண்டினால்தான் தூரம் கணக்கில் வரும். 51 முதல் 250 கிராம் வரை: 200 கிலோமீட்டருக்குள் 59, 500 வரை 63, 1000 வரை 68, 2000 வரை 72, அதற்கு மேல் 77. 251 முதல் 500 கிராம் வரை அதே வரிசையில் 70, 75, 82, 86, 93.

இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 50 கிராமுக்குள் வெளியூர்க் கவர் 47-உம் வரி 8.46-உம் சேர்ந்து 55.46. பதிவு வேண்டுமென்றால் 5 ரூபாயும் அதன் வரி 90 பைசாவும் கூடி 61.36. ஓடிபி சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்ற வசதிக்கும் அதே 5 ரூபாயும் வரியும். நாகர்கோவிலில் இருந்து 100 கிராம் கவர் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனால் 59 ரூபாய்ப் படி, வரியோடு 69.62. கேரளா வேறு மாநிலம் என்பதால் கூடுதல் கிடையாது, தூரம்தான் கணக்கு. அதே கவர் சென்னைக்கு 68 படி, வரியோடு 80.24. டெல்லிக்கு 77, வரியோடு 90.86. மாணவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி அறிவித்திருக்கிறார்கள், அடையாள அட்டையைக் காட்டிக் கேளுங்கள், கேட்காவிட்டால் தானாக வராது.

உண்மையான தப்பு நடக்கும் இடங்கள் மூன்றுதான். ஒன்று, பின்கோடு ஒரு எண் மாறி விழுந்து தூரப் படி மாறுவது. இரண்டு, எடையைத் தப்பாகப் பதிவது. மூன்று, நீங்கள் கேட்காத கூடுதல் வசதியைச் சேர்ப்பது. எனவே ரசீதை மடித்துப் பையில் வைக்கும் முன் அங்கேயே நின்று பெறும் ஊர் பின்கோடு, எடை, அடிப்படைக் கட்டணம், வரி நாலையும் படியுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும். தப்பு இருந்தால் பை கட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் ரத்து செய்து மறுபடி பதிவது எளிது. கவர் கிளம்பிவிட்டால் திருத்தம் கிடையாது, புகார் மட்டும்தான்.

புகார் கொடுக்கும் வழி

முதலில் அந்த அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டரைப் பாருங்கள். நேரில் போய்க் கவரையும் தராசுப் படத்தையும் காட்டினால் அநேகமாக அங்கேயே முடியும். முடியவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அடுத்த படி கன்னியாகுமரி அஞ்சல் கோட்டத்தின் கண்காணிப்பாளர், அலுவலகம் நாகர்கோவிலில். அதற்கு மேல் மதுரையில் இருக்கும் தென்மண்டலம். வீட்டில் இருந்தே செய்ய நினைத்தால் அஞ்சல் துறை இணையதளத்தில் புகார்ப் பகுதி இருக்கிறது, 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ் நல்ல வழி, அங்கே போட்ட மனுவுக்குத் துறை எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அவ்வப்போது நடக்கும் அஞ்சல் குறைதீர் முகாமுக்கும் மனு அனுப்பலாம். நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையம் உண்டு, ஆனால் இருபது ரூபாய்க்கு அங்கே போவது மாங்காய் பறிக்கத் தோப்பை வாங்குகிற மாதிரி. மொத்தமாகக் கவர் அனுப்பும் வியாபாரிக்குப் பெரிய தொகை போயிருந்தால் யோசிக்கலாம்.

மனுவில் கதை வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, இன்ன தேதியில் இன்ன அஞ்சலகத்தில் இருந்து எனக்கு வந்த சாதாரணக் கடிதத்துக்கு 20 ரூபாய் பாக்கி வசூலிக்கப்பட்டது. கவரில் 10 ரூபாய் ஸ்டாம்பு உள்ளது. பிரிக்கும் முன் எடை 37 கிராம். 40 கிராம் வரை கட்டணம் 10 ரூபாய் என்பதால் பாக்கி எதுவும் இல்லை. கவரின் இருபக்கப் படம், எடைப் படம் இணைத்துள்ளேன். அசல் கவர் என்னிடம் உள்ளது. வசூலித்த தொகையைத் திருப்பித் தருமாறும், எந்தக் கணக்கில் வசூலிக்கப்பட்டது என்று எழுத்தில் தெரிவிக்குமாறும் வேண்டுகிறேன்."

ஸ்பீடு போஸ்ட் என்றால் ரசீதில் இருக்கும் 13 எழுத்து எண்ணையும் சேருங்கள், அது இல்லாமல் யாராலும் எதையும் தேட முடியாது. அசல் கவரை யார் கேட்டாலும் நகல் எடுக்காமல், ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள். கடைசி வரியில் கணக்கைக் கேட்பது சும்மா இல்லை, பணத்தை விட அந்தப் பதில் முக்கியம், ஏனென்றால் அதே தப்பு அதே அஞ்சலகத்தில் தொடர்ந்து நடந்தால் இரண்டாவது மனுவுக்கு அதுதான் பலம்.

மொபைலில் வரும் "பாக்கி"

"உங்கள் தபால் கிடங்கில் நிற்கிறது, முகவரி சரியில்லை, இந்த லிங்கில் போய்ச் சிறு தொகை கட்டுங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் எஸ்எம்எஸ் வருகிறதே, அது மோசடி. முகவரியைத் திருத்தச் சொல்லி லிங்க் அனுப்பும் பழக்கம் அஞ்சல் துறைக்குக் கிடையாது என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே சொல்லியிருக்கிறது. கேட்கும் தொகை சின்னதாக இருப்பதுதான் தூண்டில், கார்டு விவரத்தைப் போட்ட உடனே கணக்கு காலி. மகன் துபாயிலோ குவைத்திலோ இருந்து ஏதோ அனுப்பியிருக்கிறான் என்று காத்திருக்கும் அப்பா அம்மாக்கள் இதில் சட்டென்று விழுவார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாதாரணக் கடிதத்தின் பாக்கியைக் கேட்டு வருபவர் கவரோடு வாசலுக்கு வரும் உங்கள் தபால்காரர் மட்டும்தான். ஏற்கனவே லிங்கை அழுத்திப் பணம் போயிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லிக் கார்டை முடக்குங்கள்.